ஒரு மூலையில் வைத்தால் போதுமாம்!

போன வாரம் அலுவலகத்தில் டீ நேரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், பையனுக்குப் பிறந்தநாள் வருது. முயல் வாங்கலாமா, கினி பிக் வாங்கலாமா? ரெண்டுல எது தொந்தரவு இல்லாதது?" பையனுக்கு எட்டு வயது. அவன் கேட்டது என்னவோ நாய்தான். நாய் என்றால் காலையில் எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். "முயல்னா பால்கனில ஒரு மூலையில கூண்டு வெச்சாப் போதும் சார். ரெண்டு கேரட் போட்டா அது பாட்டுக்குக் கிடக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் தீர்ப்பு வழங்க ஆரம்பித்தார்கள். ஒருவர் முயல் கட்சி. இன்னொருவர் கினி பிக் கட்சி. அது இன்னும் சின்னதாம், அதனால் இன்னும் சுலபமாம். மூன்றாமவர் முயல் வாஸ்துவுக்கு நல்லது என்று முடித்துவைத்தார். அந்தப் பிராணி என்ன தின்னும், எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மிக்ஸி வாங்குபவர்கூட வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்.

இவர்கள் எல்லோரையும் ஒரு வேன் பிடித்துத் தாம்பரத்தில் என் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே சின்னு இருக்கிறது. வெள்ளை முயல், வயது ஒன்பது. அத்தை மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது அழுது அடம்பிடித்து வாங்கியது. அவள் இப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீடியோ காலில் வந்து "சின்னு குட்டி" என்று கொஞ்சிவிட்டு வைத்துவிடுவாள். மூட்டுவலியோடு தினமும் காலையில் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் அருகம்புல் கட்டு வாங்கிவருவது அத்தை. தரையில் உட்கார முடியாமல் மணையைப் போட்டுக்கொண்டு, கட்டின வாழைநாரை அவிழ்த்து, புல்லில் அழுகினது, மண் ஒட்டினது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு வைப்பார். சின்னு வந்து மோந்து பார்க்கும். பிடித்தால் தின்னும், பிடிக்காவிட்டால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுக் கட்டிலடியில் போய்விடும். இத்தனை வருடத்தில் அது தின்றவற்றில் இரண்டு இணைய கேபிள், ஏர்கூலர் ஒயர், கணக்கில்லாத செல்போன் சார்ஜர்கள், பூஜையறை முக்காலியின் ஒரு கால் ஆகியவையும் அடக்கம். இதுதான் "அது பாட்டுக்குக் கிடக்கும்" பிராணி.

முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை வாழும். எட்டு வயதுப் பையனுக்கு வாங்கினால், அவன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும்போதும் அது வீட்டில் இருக்கும். கினி பிக்குக்கு ஐந்து முதல் ஏழு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூடுதலாகவும். குழந்தையின் ஆசைக்கு ஆயுள் எவ்வளவு என்று பெற்றோருக்குத் தெரியாதா? கீபோர்டு வகுப்பும் கராத்தே வகுப்பும் என்ன ஆயின?

அடுத்து இந்தக் கேரட். முயல் என்றால் கேரட் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கால்நடை மருத்துவரும் இல்லை, பக்ஸ் பன்னி. 1940-இல் திரைக்கு வந்த அந்தக் கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசும் தோரணைக்கு மூலம், 1934-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் கிளார்க் கேபிள் கேரட் மென்றுகொண்டே பேசிய காட்சி. ஆக, ஒரு ஹாலிவுட் நடிகர் கேரட் தின்றதற்காகச் சென்னை பால்கனியில் ஒரு முயல் தண்டனை அனுபவிக்கிறது. முயலுக்கு வேண்டியது புல்லும் காய்ந்த புல்லும். தினசரித் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் தேயும். குடலும் அப்படியே. இடைவிடாமல் உள்ளே ஏதாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கு உரிய நிலைமை. "ஏதோ கோபம் போல, நாளைக்குச் சாப்பிடும்" என்று விட்டால் நாளைக்கு முயல் இருக்காது. கேரட்டில் இருப்பது சர்க்கரை. எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கலாம், நாம் லட்டு தின்பது மாதிரி.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. "முயலுக்குத் தண்ணி வைக்கக் கூடாது, வயிறு ஊதிடும்." கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு மாமி சொல்வார், யாரிடமும் எதையும் கேட்காத தாத்தாவும் சொல்வார். இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்குச் சாதாரணமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். நம்பாதவர்கள் கறிக்காக முயல் வளர்க்கும் பண்ணை ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் அந்த விவசாயி, கூண்டுக்குக் கூண்டு குழாய் இழுத்து நிப்பிள் மாட்டி வைத்திருப்பார். அறுக்கப்போகிற முயலுக்குக் கிடைக்கும் தண்ணீர், "செல்லம்" என்று கொஞ்சி வளர்க்கும் முயலுக்குக் கிடைப்பதில்லை. அத்தை வீட்டில் சின்னுவுக்கு ஒரு கனமான மண் சட்டி இருக்கிறது. அது கவிழ்க்க முடியாத ஒரே பாத்திரம் அதுதான். ஒன்பது வருடமாக அதில் குடிக்கிறது, வயிறு ஊதவில்லை.

"பரவாயில்லை, குழந்தை தூக்கி வைத்துக் கொஞ்சுமே" என்பார்கள். முயல் இரையாகப் பிறந்த விலங்கு. அதைத் தரையிலிருந்து தூக்குவது பருந்து மட்டுமே. தூக்கினால் அது உதறும்; அதன் எலும்போ மிக லேசானது, பின்னங்கால் தசையோ முரட்டு பலம் கொண்டது. சரியாகப் பிடிக்காவிட்டால் தன் உதையிலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். உதறாமல் அசையாதிருந்தால் "எவ்வளவு சமத்து பாரு" என்கிறோம். பயத்தில் உறைந்து கிடக்கிறது, ஐயா! ரீல்ஸில் முயலை மல்லாக்கப் படுக்கவைத்து "தூங்கிடுச்சு" என்று இதயச் சின்னம் போடுகிறார்களே, அதுவும் இதே கதைதான். பிடித்த மிருகத்தின் வாயில் செத்ததுபோல் கிடக்கும் நிலை அது. இன்னொரு கூட்டம் முயலுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிப் படம் போடுகிறது. முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். தொட்டியில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடக்கூடும். அந்தக் காணொளிக்கு எத்தனை லட்சம் பார்வைகள் என்று சொல்லி என் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை. சின்னுவை அத்தை இன்றுவரை மடியில் வைத்ததில்லை. அத்தை கீழே உட்கார்ந்தால், மனது வந்தால், அது வந்து தலையை நீட்டும். நெற்றியைத் தடவச் சொல்லும். அவ்வளவுதான் கொஞ்சல்.

"சரி சார், அப்போ கினி பிக்!" என்று துள்ளுகிறார்கள். பொறுங்கள்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரில் பல ஆயிரம் வருடங்களாக வளர்ந்த பிராணி அது. பெருவில் அது விருந்துச் சாப்பாடு. குஸ்கோ நகரத்து தேவாலயத்தில் இருக்கும் கடைசி இராவுணவு ஓவியத்தில் தட்டில் கிடப்பது கினி பிக் என்றுதான் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். நம் உடம்பைப்போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ள முடியாது. தினமும் தீனியில் வர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கர்வி. மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் வரும், நடக்க முடியாமல் மூலையில் ஒடுங்கும். 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமாகப் போட்டு வளர்த்து, அவற்றுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டு எழுதினார்கள். இப்போது நம் கடைக்காரர் தரும் அறிவுரையைக் கேளுங்கள்: "கம்பு, கோதுமை போடுங்க சார், போதும்." நூறு வருடத்துக்கு முன்னால் ஆய்வகத்தில் நோயை உண்டாக்கிய பத்தியத்தை இவர் ஐம்பது ரூபாய் பாக்கெட்டில் கட்டித் தருகிறார். கொய்யா, நெல்லிக்காய், குடைமிளகாய் என்று நம் ஊரில் வைட்டமின் சி-க்குப் பஞ்சமா? ஒரு துண்டு குடைமிளகாய் தினமும் நறுக்கிப் போட யாராவது சொன்னார்களா?

கினி பிக் தனியாக இருக்கவும் ஆகாது. கூட்டமாக வாழும் ஜீவன். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிகளின்படி ஒற்றைக் கினி பிக்கை வளர்ப்பதே சட்டவிரோதம். உடனே நம் கடைக்காரர் "அதான் ஜோடியா எடுத்துக்கோங்க" என்பார். இரண்டும் பெண் என்று சத்தியம் செய்வார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கூண்டில் ஐந்து இருக்கும். குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து அன்றைக்கே ஓடும். தாயோ குட்டி போட்ட சில மணி நேரத்தில் மறுபடி சினையாகத் தயார். இந்த வேகத்தில் அடுக்கு மாடிக் குடியிருப்பில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில புத்திசாலிகள் முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் போட்டுத் துணை சேர்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் இருக்கும் கிருமி, கினி பிக்குக்கு நிமோனியா தரும். அதோடு முயல் விடும் உதை ஒன்றே போதும்.

இரண்டுக்கும் பொதுவான எமன் வெயில். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தில் முயல் வளர்க்கிறது. எங்கே? கொடைக்கானல் மலைமேல், மன்னவனூரில். சமவெளிப் பண்ணைக்காரர்களும் கீற்றுக் கொட்டகை போட்டு, சித்திரை வெயிலுக்குக் கோணியை நனைத்துத் தொங்கவிடுகிறார்கள். நம் ஆட்கள் மட்டும் மேற்குப் பார்த்த பால்கனியில், தகரக் கூரையடியில் கூண்டை வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மே மாதத்தில் சின்னு இருக்கும் அறையில் மதியம் முழுக்க ஏசி ஓடுகிறது. மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு மாமா இரண்டு நாள் பேசவில்லை.

நோய் வந்தால் இன்னும் மோசம். நம் ஊர் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் கைப்பழக்கம் மாட்டிலும் நாயிலும்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை சொல்ல வேண்டியது வீட்டு வைத்தியர்களை. குழந்தைக்கு மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பை இரண்டு சொட்டு வாயில் விட்டுவிடுவார்கள். முயலுக்கும் கினி பிக்குக்கும் அந்த வகை மருந்து வாய்வழி போனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவெல்லாம் செத்து, பிராணியும் செத்துப்போகும். "என்ன மாயமோ, மருந்து கொடுத்தும் போயிடுச்சு" என்று அழுவார்கள்.

இதில் முயலை மட்டும் சொல்லி என்ன? திருவிழாக் கடைவாசலில் ரோஸும் பச்சையுமாகச் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சு விற்கிறார்களே, அதை வாங்கிக்கொடுக்காத அப்பா உண்டா? அது ஒரு வாரம் தாங்கியதைப் பார்த்த பிள்ளை உண்டா? பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எத்தனை வீட்டு வராந்தாவில் "அக்கா, அக்கா" என்று கத்துகிறது! முயல் ரத்தத்தில் காய்ச்சிய எண்ணெய் தேய்த்தால் வழுக்கையில் முடி வளரும் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. அதை வாங்கித் தேய்த்தவர்களின் தலையைப் பார்த்தபிறகும் நடக்கிறது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்தே விற்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சந்தையில் கூடையில் முயல் குட்டி விற்பவரிடம் பதிவு எண் கேட்டுப் பாருங்கள். "வேணும்னா எடு, இல்லேன்னா நகரு" என்பார். குட்டியும் தாயிடம் பால் மறக்காத குட்டியாக இருக்கும். "இப்படி இருந்தாத்தான் பழகும்" என்பது அவருடைய விஞ்ஞானம்.

கடைசியில் அலுத்துப்போனால் ஏரிக்கரையில் விட்டுவிடுகிறார்கள். "காட்டுல பொழச்சுக்கும்." நம் காட்டு முயல் வேறு இனம், இது ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வம்சம். பத்துத் தலைமுறையாகக் கூண்டில் பிறந்தது, நிறமோ வெள்ளை. செம்மண் ஏரிக்கரையில் தெருநாய்க்கு அதைக் கண்டுபிடிக்க டார்ச் தேவையில்லை.

கத்தியைக் கழுத்தில் வைத்து "ரெண்டில் ஒன்று சொல்" என்றால் கினி பிக் என்பேன். கடிப்பது அபூர்வம், ஒயரை விட்டுவைக்கும், ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் விசிலடித்துக் கூப்பிடும், குழந்தை தரையில் உட்கார்ந்து மடியில் துண்டு விரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பிள்ளையின் பிராணி இல்லை. தினமும் காலையில் குடைமிளகாய் நறுக்கப்போவது, கூண்டைக் கழுவப்போவது அம்மா. அவரிடம் கேட்டீர்களா? அத்தையிடம் யாரும் கேட்கவில்லை.

போன தையில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு அத்தை போக வேண்டியிருந்தது. மூன்று நாள். முயல் என்றால் ஒரு தொந்தரவும் இல்லையே என்று இத்தனை வருடமாக அத்தைக்கு அறிவுரை சொன்ன சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் சின்னுவைப் பார்த்துக்கொள்ளக் கேட்டார். ஒருவருக்கு அலர்ஜி. ஒருவர் வீட்டில் புது சோபா. எதிர்வீட்டு அம்மா சொன்ன காரணத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா, எங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, அதுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது." அத்தை கல்யாணத்துக்குப் போகவில்லை. மொய்யை ஜிபேயில் அனுப்பிவிட்டார்.