பத்து செகண்ட் நல்ல பிள்ளை

மானேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது ஆபீஸே குனிந்து ஃபைல் பார்க்கும் அல்லவா? இதயமும் அந்த ஜாதிதான். ராத்திரி இரண்டு மணிக்கு தாறுமாறாக ஓடிவிட்டு, காலையில் ஈ.ஸி.ஜி. எடுக்கும் பத்து செகண்டும் பரம சாதுவாக இருக்கும். ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள். டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். அவர் பார்த்தது பத்து.

இந்த ஆசாமியைப் பின்தொடர்ந்து போய்த்தான் பிடிக்க வேண்டும் என்று கிளம்பியவர், அமெரிக்காவில் மான்டானாக்காரரான நார்மன் ஹோல்ட்டர். 1947-ல் அவர் செய்த ரேடியோ ஈ.ஸி.ஜி.யை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எடை 38 கிலோ! (அதைச் சுமந்தால் நல்ல இதயமும் தகராறு பண்ணும்.) அவருக்கும் முன்னால், 1905-லேயே ஹாலந்தின் லைடன் நகரில் ஐந்த்தோவன், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் துடிப்பை டெலிபோன் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித் தன் லேபுக்கு வரவழைத்துவிட்டார். மெஷின் அவ்வளவு பெரிசு. அது நகராது, துடிப்புதான் வர வேண்டும்.

இப்போது ப்ளாஸ்திரி சைஸில் வந்துவிட்டது. நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கலாம். துடிப்பு செல்போன் வழியாக எங்கேயோ ஒரு சென்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டருக்கு சந்தேகம் வந்தால் டெக்னீஷியன் பார்ப்பார். அவருக்கும் சந்தேகமென்றால் டாக்டருக்கு போன்.

அதிகம் தேடப்படும் குற்றவாளி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெடவெடவென்று நடுங்கும். ரத்தம் தேங்கி உறையும். அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். கொடுமை என்னவென்றால், வலி, படபடப்பு எதுவுமே இல்லாமலும் இது வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு.

கைக்கடிகாரமே கண்டுபிடிக்குமே என்பீர்கள். 2019-ல் வெளியான ஆப்பிள் வாட்ச் ஆய்வில் 4,19,297 பேர். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு. அவர்களில் நெஞ்சில் பட்டை ஒட்டிச் சோதிக்க முடிந்த 450 பேரில், 34 சதவிகிதத்தினருக்கு அந்தக் கோளாறு பதிவானது. மற்றவர்களுக்கு? பட்டை ஒட்டிய வாரத்தில் மறுபடி ‘மானேஜர்’ வந்துவிட்டாரோ என்னவோ!

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஸார். வாட்ச் பார்ப்பது தாளத்தை. மாரடைப்பு என்பது ரத்தக் குழாய் அடைப்பு. குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போதே தாளம் பிசகாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரி ஈ.ஸி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது, வாட்ச் ஒரே கோணத்தில். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வாட்ச் ‘நார்மல்’ என்றாலும் 108-க்கு போன் பண்ணுங்கள். ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷமாகிறது என்று பார்க்க அது உபயோகப்படும்.