காது குத்திய பிள்ளைக்கு முதல் தோடு



வில்லியனூரிலும் பாகூரிலும் பெண் குழந்தைக்குக் காது குத்தும் நாளை நாம் சிறு திருமணம் போலவே நடத்தத் தொடங்கிவிட்டோம். பிரியாணி, மாமன் வீட்டுச் சீர்த்தட்டு என்று எல்லாம் வந்துவிட்டன. மார்க்கத்தில் இதற்கென்று சடங்கு ஏதுமில்லை. பெண்கள் காதணி அணிவது ஆகுமானதே. பெருநாள் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் தர்மத்தை வலியுறுத்தியபோது, பெண்கள் தம் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் துணியில் இட்ட செய்தி புகாரியில் உள்ளது. ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், நகைக்காகச் சிறுமியின் காதைத் துளைப்பதை நோவு தரும் காயமெனக் கருதி ஏற்கவில்லை. அறிஞர் பலர் அனுமதித்துள்ளனர். நாமும் அனுமதியின் பக்கமே நிற்கிறோம். ஆனால் காயம் என்ற அந்தச் சொல்லை மறப்பதற்கில்லை. முதல் தோடு ஆறாத புண்ணில் மாட்டப்படுகிற பொருள்.

சீர்த்தட்டில் வருவதோ ஜிமிக்கி! அது சட்டையில் சிக்கும். பிள்ளையே பிடித்து இழுக்கும். மெல்லிய மடல் கிழியும். முதல் தோட்டுக்குச் சிறிய, வழவழப்பான மொட்டுப் போதும். வீங்கினால் இடம் வேண்டுமென்பதால் திருகை மடலோடு இறுக்கலாகாது. மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை கழற்றி மாற்றுவது தவறு.

உலோகத்தில்தான் நாம் பெரிதும் ஏமாறுகிறோம். சிதம்பரம் கவரிங் விருந்துக்கு அழகுதான். ஆனால் இத்தகைய முலாம் நகைகளின் உள்ளே இருப்பது செம்போ பித்தளையோ. சிலவற்றில் நிக்கலும் கலந்திருக்கும். பச்சைப் புண்ணில் நிக்கல் பட்டு ஒவ்வாமை தோன்றிவிட்டால், அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. பின்னர் கைக்கடிகாரப் பட்டையும் சட்டைப் பொத்தானும் கூட அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இத்தகைய நகைகளில் நிக்கலுக்குச் சட்டவரம்பு விதித்தது.

ஆகவே 22 காரட் தங்கம் நன்று. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. 2021 முதல் நம் நாட்டில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டாலும், 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தையின் மொட்டுத்தோடு பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் அடங்கும். எனவே 916 முத்திரையை நாமே கேட்டு வாங்க வேண்டும். தங்கம் இயலாதவர்களுக்கு, உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் பொருத்தமானது. சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பதிலும் நிக்கல் உண்டு.

கடன் வாங்கி அரைப் பவுன் செய்யும் கூலித் தொழிலாளியான மாமனுக்கு இதை யார் சொல்வது? வீட்டுப் பெரியவர்களே சொல்ல வேண்டும். ஒரு கிராம் மொட்டு அவருடைய கண்ணியத்தை எவ்விதத்திலும் குறைக்காது.

நம் பாட்டியர் காதோரம் முழுதும் துளைத்து அலுக்கத்து அணிந்தனர். இன்று கல்லூரி செல்லும் பிள்ளைகள் அதே காதோரத்தைக் கேட்கிறார்கள்; சிலர் தொப்புளையும் கேட்கிறார்கள். காதோரக் குருத்தெலும்பு ஆற மாதக்கணக்காகும். சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடும். தொப்புள் துளை ஆற ஓராண்டு கூட ஆகலாம். மேலும், அந்நியர் முன் மறைக்க வேண்டிய அவ்விடத்தைக் கடைக்காரரிடம் திறந்து காட்டுவதற்கு நாம் எந்த நியாயத்தையும் காணவில்லை.

சீராக ஜிமிக்கி வந்துவிட்டால் திருப்பித் தர வேண்டாம். பெட்டியில் இருக்கட்டும், பிள்ளை குர்ஆன் ஓதி முடிக்கும் நாளில் மாமனே வந்து கொடுத்து அணியச் செய்யலாம்.