கூலியை வெட்டும் மூட்டை

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்புக் கூலிப் பிரச்சினை எப்போது வெடித்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: கிலோவுக்கு எத்தனை ரூபாய்? அந்தக் கூலியையே ஏற்றி இறக்கும் தீவன மூட்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. ஷெட்டும் கரண்டு பில்லும் ராத்தூக்கமும் பண்ணையாளருடையவை. பேட்ச் முடிந்ததும் எஃப்.சி.ஆர். கணக்கு, ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் போனது என்று பார்க்கிறார்கள். கூடினால் கூலியில் வெட்டு. தீவனம் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் உரிமையே இல்லாதவருக்கு அபராதம்!

சொந்தமாக வளர்ப்பவர் மட்டும் எதைப் பார்த்து வாங்குவார்? மூட்டையில் அச்சிட்ட புரதத்தையா? கோழித் தீவனத்துக்கான ஐ.எஸ். 1374 தரப்படி, குஞ்சுக்கு முதலில் போடும் பிரீ-ஸ்டார்ட்டரில் கச்சாப் புரதம் 23 சதவீதம், அடுத்துப் போடும் ஸ்டார்ட்டரில் 22. இந்தக் கச்சாப் புரதம் என்பது ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வரும் எண், அவ்வளவே. உரக்கடை யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: 287! நூறு கிலோ யூரியாவில் 287 கிலோ புரதம் இருப்பதாகச் சொல்லும் கணக்கு இது. மெலமைனுக்கு 416 வரும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தவர்கள் நம்பியது இந்தப் பெருக்கலைத்தான். நம் மூட்டைகளில் யூரியா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 23 என்ற எண்ணால் எதுவும் நிரூபணமாகாது என்கிறேன்.

யூரியாவே வேண்டாம். மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போய், சக்கை டி.டி.ஜி.எஸ். என்ற பெயரில் தீவனத்துக்குத் திரும்பி வருகிறது. புரத எண் நன்றாகவே இருக்கும். ஆனால் குஞ்சு வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் சக்கையில் அது சுமார் மூன்று மடங்கு. முதல் பத்து நாள் குஞ்சுக்கு இதைப் போட்டுவிட்டு, எடை ஏறாவிட்டால் ‘பராமரிப்பு சரியில்லை’ என்று கம்பெனி சூப்பர்வைசர் நோட்டில் எழுதுகிறார். அது விளக்கமல்ல, தப்பிக்கும் வழி. தட்டின் அடியில் குஞ்சு தொடாமல் விட்ட தூள் விரல் கனத்துக்குக் கிடக்கிறதே, அதை ஏன் நோட்டில் எழுதுவதில்லை?

விலை பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. ஒரு குஞ்சு தின்னும் பிரீ-ஸ்டார்ட்டர் அரைக் கிலோகூட வராது. கிலோவுக்கு 2 ரூபாய் மலிவாக வாங்கினால் மிச்சம் ஒரு ரூபாய்க்குள். எஃப்.சி.ஆர். வெறும் 0.05 ஏறினால் இரண்டு கிலோ கோழிக்கு 100 கிராம் தீவனம் கூடுதல். கிலோ 40 ரூபாய் என்றால் 4 ரூபாய் போச்சு. ஒப்பிட வேண்டியது ஏழாம் நாள் எடையை. வந்தபோது 40 கிராம் இருந்த குஞ்சு 180-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

லைசின் அளவும் சேர்மானப் பட்டியலும் மூட்டையில் கட்டாயமானால், கூலித் தகராறில் பாதி அன்றே தீரும். அதுவரை, பண்ணையாளர்களே, ஒவ்வொரு லோடிலும் ஒரு கிலோவை எடுத்து, சூப்பர்வைசர் முன்னாலேயே சீல் வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்த ஆய்வறிக்கையோடு போங்கள்.