காட்டு பங்களாவில் கலைந்த சோவியத் யூனியன்!

ஓய்வெடுக்கப் போற இடத்துல ஒரு வல்லரசையே கலைச்சுட்டு வர முடியுமா? 1991 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது.

பெலாரஸில், ஐரோப்பியக் காட்டெருமைகள் உலவும் பழமையான பெலவேஜா காட்டுக்குள் இருக்கிறது விஸ்குலி மாளிகை. போலந்து எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1957-ல் குருஷேவ் காலத்தில் கட்டப்பட்ட அரசு ஓய்வு இல்லம் இது. வேட்டைப் பிரியர்களான குருஷேவும் பிரெஷ்னேவும் துப்பாக்கியோடு வந்து இறங்கிய இடம். சாமானிய சோவியத் குடிமகனுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை!

எண்ணெய், எரிவாயு விஷயம் பேசத்தான் ரஷ்ய அதிபர் எல்ட்சினை அங்கே அழைத்திருந்தார் பெலாரஸ் தலைவர் சுஷ்கேவிச். குளிர்காலம் ஆச்சே! உக்ரைனின் கிராவ்சுக்கும் வந்தார். டிசம்பர் 1 வாக்கெடுப்பில் 90 சதவிகிதத்துக்கும் மேலான உக்ரைனியர்கள் சுதந்திரத்துக்கு 'ஆமாம்' சொல்லியிருந்ததால், அவர் பழைய யூனியனுக்குத் திரும்பத் தயாராக இல்லை. பேச்சு திசை மாறியது. டிசம்பர் 8 அன்று சோவியத் யூனியன் இனி இல்லை என்று மூன்று குடியரசுகளும் கையெழுத்திட்டன.

அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எல்ட்சின் போன் போட்டார். கோர்பசேவிடம் சொல்லும் பொறுப்பு சுஷ்கேவிச் தலையில் விழுந்தது. தனக்கு முன்பே புஷ்ஷுக்குச் சொல்லப்பட்டதில் கோர்பசேவுக்குக் கடும் கோபம். டிசம்பர் 25-ல் பதவி விலகினார்.

மூன்று நாடாளுமன்றங்களும் சில நாள்களிலேயே ஒப்பந்தத்தை ஏற்றன. ஆனாலும், 'மூடிய கதவுக்குள் மூணு பேர் எடுத்த முடிவு' என்ற முணுமுணுப்பு ரஷ்யாவில் அடங்கவே இல்லை. சோவியத் சரிவை நூற்றாண்டின் மிகப்பெரிய புவிசார் அரசியல் பேரழிவு என்று 2005-ல் வர்ணித்தார் புதின்.

இங்கேதான் கவனிக்கணும். அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, ஒருவர் எல்லையை மற்றவர் மதிக்க வேண்டும் என்கிறது. அதில் ரஷ்யாவின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால், 2014-ல் கிரிமியா பறிபோனது. 2022 பிப்ரவரியில் கீவ் நோக்கிப் புறப்பட்ட ரஷ்யப் படையின் ஒரு பகுதி, ஒப்பந்தம் எழுதப்பட்ட அதே பெலாரஸ் மண் வழியாகவே போனது.

எல்ட்சின் 2007-லேயே காலமாகிவிட்டார். அந்தப் போரைப் பார்த்துவிட்டு, 2022 மே மாதத்தில் ஒரு வார இடைவெளியில் சுஷ்கேவிச்சும் கிராவ்சுக்கும் மறைந்தார்கள். யூனியனைக் கலைக்க இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. அன்று ஒப்புக்கொண்ட எல்லைக்கோட்டுக்காக இன்றும் மக்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.