யார் கெடுத்த சொல்?

தெலுங்கர்கள் நம் சொற்களின் பொருளைக் கெடுத்துவிட்டார்கள் என்று அண்மையில் ஒரு கருத்தரங்கில் தமிழறிஞர் ஒருவர் முழங்கினார். அவர் காட்டிய சான்று ‘அவசரம்’. நமக்கு அது விரைவு, அவர்களுக்குத் தேவை. அரங்கில் கைதட்டல். நான் தட்டவில்லை, எழுந்து மறுக்கவும் இல்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

முதலில், அவசரம் நம் சொல்லே அன்று. வடமொழியில் அதற்குத் தக்க தருணம், வாய்ப்பு என்று பொருள். இந்தியில் இன்றும் அப்படித்தான். தெலுங்கர் கெடுத்தார்கள் என்றால் நாமும் கெடுத்தவர்களே. இரவல் பாத்திரத்தில் நாம் சாம்பார் வைத்தோம், அவர்கள் பப்பு வைத்தார்கள்.

‘சம்சாரம்’ வடமொழியில் பிறவிச் சுழல், தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ‘உபந்நியாசம்’ நமக்குக் கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு; வங்காளிக்கு நாவல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஒடியா இளைஞனுக்குச் ‘சேஷ்டா’ என்றால் முயற்சி. நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் சேட்டையும் ஒருவகையில் முயற்சிதானே!

ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு பெயரே உண்டு. 1928இல் கெஸ்லர், டெரோக்கின்யி என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் இத்தகைய சொற்களைத் தொகுத்துப் ‘பொய் நண்பர்கள்’ என்று தலைப்பிட்டு நூல் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. கொடுத்தல் என்னும் ஒரே வேரிலிருந்து வந்தவைதாம் இரண்டும். ‘கொடுக்கப்படும் மருந்தளவு’ என்ற இடக்கரடக்கலின் வழியே அது ஜெர்மனில் நஞ்சாயிற்று. சுவீடிஷில் அதே சொல்லுக்கு நஞ்சு, திருமணமானவர் என்று இரு பொருளும் உண்டு. (இதற்கு விளக்கம் கேட்காதீர்கள்.) இதற்காக எந்த ஆங்கிலப் பேராசிரியரும் ஜெர்மானியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

நம் இலக்கணமும் ஏற்றவில்லை. ஒரு சொல் பல பொருள் தருவதைத் திரிசொல்லின் ஒரு வகையாகவே தொல்காப்பியர் வைத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களும் அவ்வந்நிலத்தார் குறித்த பொருளையே உணர்த்தும் என்று திசைச்சொல்லுக்கு இடம் தந்தார். கெட்டுப்போனவை என்று அவற்றைத் தள்ளவில்லை. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தமிழுக்குள்ளேயே துர்நாற்றமாயிற்று. அதைக் கெடுத்தது எந்தத் தெலுங்கர்?

இது வெறும் மேடைச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தது. அடுப்படியில் பேசிய மொழி நகரவில்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அதையும் தாண்டினால் தடா. இந்தப் பக்கத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒருவன் ‘செப்பு’ என்று வாய் தவறிச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். செப்பும் வினாவும் என்று தொல்காப்பியம் பேசும் செப்புதான் அது. நாம் ஏட்டில் வைத்துப் பூட்டிய சொல்லை அவன் வீட்டில் நாள்தோறும் புழங்குகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு மாணவன் ‘பயிருக்கு நீர் மிகவும் அவசரம்’ என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் சுழித்து, ‘அவசியம்’ என்று திருத்தினேன். அது சரிதான், தமிழ்த் தாளில் தமிழ் வழக்கே வேண்டும். ஆனால் ஓரத்தில் ‘சொற்பொருள் அறியாமை’ என்றும் எழுதினேன். அது பொய். அச்சொல்லுக்கு நான் அறிந்ததைவிட ஒரு பொருள் கூடுதலாக அறிந்தவன் அவன். விடைத்தாளைத் திரும்பப் பெற்றபோது அவன் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் என் வகுப்பில் அவன் வாய் திறக்கவும் இல்லை.