வழிகாட்டல் இடைநடுவில் நிற்கக் கூடாது

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் பலரின் உழைப்பிற்கெல்லாம் இலக்காக இருப்பது பிள்ளைகளின் கல்வியே. தந்தை இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் செல்லும் குடும்பங்களிற்கூடத் தமிழ் வகுப்பு, சங்கீதம், பரதம், கணித ரியூசன் என எதிலும் குறை வைக்கப்படுவதில்லை. எனினும், பாடசாலையில் ஒரு பிள்ளை தனித்துப்போகும்போது, "அம்மாவிடம் சொன்னால் கவலைப்படுவார்" என்று எண்ணி மௌனம் காக்கும்போது, அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்க யார் இருக்கின்றார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

வட அமெரிக்கப் பாடசாலைகளில் நடைபெறும் வழிகாட்டல் திட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கின்றன. பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரோ மேல்வகுப்பு மாணவர் ஒருவரோ வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே பிள்ளையைப் பாடசாலையிலேயே சந்திக்கின்றார். பேசுவது, விளையாடுவது, வாசிப்பது, வீட்டுப் பாடத்திற்கு உதவுவது என அந்த நேரம் கழிகின்றது. இது ரியூசன் அன்று; ஒரு மூத்த நண்பரின் துணை.

இத்துணை உண்மையில் பயன் தருகின்றதா? 1904இல் நியூயோர்க்கில் வேர்கொண்ட 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் பாடசாலைத் திட்டம் அமெரிக்காவில் 1,139 மாணவர்களிடையே ஆராயப்பட்டது. 2007இல் அறிக்கையாகவும் 2011இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளிவந்த அதன் முடிவுகள் நிதானமாக நோக்கத்தக்கவை. ஒரு கல்வியாண்டின் இறுதியில், வழிகாட்டியைப் பெற்ற மாணவர்களின் கல்வி மேம்பட்டிருந்தது. தம் கல்வித் திறன் மீதான நம்பிக்கையும் கூடியிருந்தது. தம் வாழ்வில் அக்கறை கொண்ட பெரியவர் ஒருவர் உண்டு என்று கூறியோரும் அவர்களிடையே அதிகம். ஆனால், பெற்றோருடனோ ஆசிரியருடனோ நண்பருடனோ உள்ள உறவில் மாற்றம் காணப்படவில்லை. கல்வியில் கிடைத்த முன்னேற்றமும் அடுத்த ஆண்டில் நிலைக்கவில்லை.

இதைவிடக் கவனத்திற்குரியது 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு. பாடசாலைக்கு வெளியே நடந்த வழிகாட்டல் உறவுகளை ஆராய்ந்த அது, ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளிலேயே கூடிய பயன் இருந்ததெனக் கண்டது. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளிலோ பிள்ளைகளின் தன்மதிப்புக் குறைந்திருந்தது. ஆகவே, தொடங்கிவிட்டு இடைநடுவில் விடுவது நன்மை குறைந்த செயல் மட்டுமன்று, தீங்காகவும் முடியக்கூடும். வருவேன் என்று சொன்னவர் வராது போனால், "என்னில்தான் ஏதோ குறை" என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும். நாடு விட்டு வந்த குடும்பங்களில், ஏற்கெனவே உறவுகளைப் பிரிந்து வளரும் பிள்ளைக்கு அது மற்றுமொரு இழப்பு.

இங்கே தமிழ் இளையோருக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். பலர் அதனை ஓரிரு விழாக்களில் கதிரை அடுக்கி முடித்துவிடுகின்றனர். அதுவும் தொண்டுதான். ஆனால் வாரம் ஒரு மணி நேரம் எனக் கணக்கிட்டால், 40 மணி நேரம் ஏறக்குறைய ஒரு முழுக் கல்வியாண்டு. ஒரு சிறு பிள்ளையுடன் ஓராண்டு தவறாது நடந்துவர அது போதுமானது. மணிக்கணக்கு நிறைந்தவுடன் விலகுவோர் இப்பணியை ஏற்காதிருப்பதே நன்று.

பெற்றோரிடையே வேறொரு தயக்கம் உண்டு. வீட்டு விடயம் வெளியே போய்விடும், பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே அது. தொண்டர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார், பொலிஸ் பதிவுச் சோதனை நடந்ததா, சந்திப்பு எங்கே நடைபெறும் என்றெல்லாம் கேட்பது பெற்றோரின் உரிமை, கேட்கவே வேண்டும். ஆயினும் மேற்கண்ட ஆய்வு உணர்த்துவது ஒன்றுண்டு. வழிகாட்டி பெற்றோரின் இடத்தைப் பறிப்பதுமில்லை. பெற்றோர் செய்ய வேண்டியதைச் செய்து தருவதுமில்லை. புள்ளிகளை மட்டும் விசாரிக்காது, அன்றைய நாள் எப்படிப் போனது என்று கேட்பது வீட்டின் வேலையாகவே இருக்கும்.

தமிழ் அமைப்புகளும் இதனை மனங்கொள்ள வேண்டும். நூறு பிள்ளைகளைச் சேர்த்துத் தொடக்க விழா எடுப்பது எளிது. பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துத் தொண்டர்கள், கோடை விடுமுறை கழிந்த பின்னும் அதே இணை, விலக நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லி முறையாக விடைபெறும் ஒழுங்கு என்பனவே கடினமானவை. அந்தப் பத்தை நிலைநிறுத்திய பின்னரே பதினொன்றாவது பிள்ளையைச் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பவர்கள் அதனைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள்.