ஒன்பதாம் எண் சட்டையை யாருக்குத் தருவது?

ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன்னால் சென்னையின் எஃப்.சி. தன் ஆட்டக்காரர் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியல் வந்தவுடன் நாம் அனைவரும் செய்யும் காரியம் ஒன்றுதான்: முன்களத்துக்கு எந்த நாட்டிலிருந்து யார் வந்திருக்கிறார் என்று தேடுகிறோம். பெயர் பழக்கமானதாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் இணையத்தில் அவர் போட்ட பழைய கோல்களைப் பார்த்துத் தேறுதல். பிற்காப்பு, நடுக்களம், கோல் காவலர் என்பனவெல்லாம் இரண்டாம் பட்சம். இந்தப் பழக்கம் ரசிகனுடையது மட்டுமாக இருந்தால் பெரிய தீங்கில்லை. கழகமே பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் தாக்குதல் ஆட்டத்தை இதே முறையில்தான் கட்டியெழுப்பி வந்திருக்கிறது என்பதே என் குறை. ஆண்டுதோறும் வாடகைக்கு எடுக்கப்படும் முன்களம், எத்தனை கோல் போட்டாலும், நம்முடையதாக ஆவதில்லை.

வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் போட்டித் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் சென்னையின் எலானோ. பிரேசில்காரர், 8 கோல்கள். லீக் சுற்றில் சென்னை முதலிடம். மறு ஆண்டு கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா 13 கோல்கள் போட்டார். அந்த 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அப்படியும் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் மென்டோசா போட்ட கோலால் 3-2 என்று கோப்பை வந்தது. அந்த மகிழ்ச்சியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மென்டோசா போய்விட்டார். 2016-இல் நடப்புச் சாம்பியன் எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

இதே கதை மீண்டும் 2019-20-இல். பருவத்தின் நடுவில் ஓவன் காயில் பயிற்றுநராகப் பொறுப்பேற்க, லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி வென்றார். தேறாது என்று கைவிடப்பட்ட அணி இறுதியாட்டம் வரை சென்று, கொரோனா காரணமாகப் பார்வையாளர் இன்றி நடந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. அடுத்த பருவத்துக்குப் பயிற்றுநரும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றுவிட்டார்கள். சென்னை அந்த 2020-21 பருவத்தில் 20 ஆட்டங்களில் போட்ட கோல்கள் 17 மட்டுமே. பதினோரு ஆட்டங்கள் சமநிலை. அதைத் தொடர்ந்து வந்த இரு பருவங்களையும் சேர்த்தால் மூன்று முறை தொடர்ந்து எட்டாவது இடம். ஒரு மனிதர் விமானம் ஏறியதும் ஓர் அணியின் தாக்குதல் முறையே காணாமல் போகிறது என்றால், அங்கே முறை என்று ஒன்று இருந்ததா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு விதிவிலக்காக நிற்பது 2017-18. ஜான் கிரெகரியின் அந்த அணியில் தங்கக் காலணிக்காரர் எவரும் இல்லை. அதிக கோல்கள் போட்டவர் மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா; 9 கோல்கள். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட, மூன்றாவதைப் போட்டவர் வியாசர்பாடியிலிருந்து வந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ். பெங்களூரில், பெங்களூர் ரசிகர்களின் நடுவே நடந்த இறுதியாட்டத்தில் வந்த மூன்று கோல்களில் இரண்டை, கார்னர் பந்தைத் தலையால் முட்டிப் போட்டவர் பிற்காப்பு ஆட்டக்காரர் மைல்சன் ஆல்வஸ். கோல்கள் ஓரிடத்தில் குவியாமல் அணி முழுவதும் பரவியிருந்தன. ஓரத்திலிருந்து வரும் பந்து, நிறுத்திவைத்து அடிக்கும் பந்து, நடுக்களத்திலிருந்து தாமதமாக உள்ளே நுழையும் ஓட்டம் என்று எதிரணி எதைத் தடுப்பது என்று திகைக்கும்படியாக ஆட்டம் அமைந்தது. தாக்குதல் ஆட்டம் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2018-19-இல் அதே பயிற்றுநர், அதே ஜெஜே, அதே மைல்சன். பருவத்துக்கு முன் பட்டியலைப் படித்த எவரும் கோப்பையைத் தக்கவைக்கும் அணி என்றே எழுதியிருப்பார்கள். கிடைத்தது 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம். காயங்கள் ஒரு காரணம்; ஜெஜேயின் கோல் வறட்சி இன்னொன்று. அடிப்படையான காரணம், அவர்களுக்குப் பின்னால் ஆள் இல்லாமற் போனது. பதினோரு பேரைச் சேர்ப்பது வேறு, அந்தப் பதினோரு பேருக்கும் வாரிசுகளை வளர்ப்பது வேறு. பட்டியல் முதலாவதைத்தான் காட்டும். இரண்டாவதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

விதிகளும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. தொடக்கத்தில் களத்தில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டினர் ஆடலாம். 2017-18-இல் அது 5 ஆயிற்று, 2021-22-இல் 4. வெளிநாட்டவர் எண்ணிக்கை குறையக் குறைய இந்தியக் கோலடிப்பாளர்கள் பெருகியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. எஞ்சிய நான்கு இடங்களில் முதலாவதைப் பயிற்றுநர்கள் நடு முன்களத்துக்கே ஒதுக்கினார்கள். கோல் போடும் திறமையோடு வரும் இந்தியப் பையன்கள் இறக்கைப் பகுதிக்குத் தள்ளப்பட்டார்கள். விளைவு தேசிய அணியில் தெரிந்தது. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், தம் நாற்பதாவது வயதில், மீண்டும் அழைத்து வர வேண்டியிருந்தது. அவரும் வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக கோல் போட்டார். அது அவருக்குப் பெருமை, நமக்கு வெட்கம். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது.

சரி, தமிழ்நாட்டில் கோல் போடுபவர்களே இல்லையா? எழுபதுகள் எண்பதுகளின் கதை வேண்டாம். 1997-98-இல் எஃப்.சி. கொச்சி அணிக்காக ஆடித் தேசிய லீக்கில் அதிக கோல் போட்டவர் தமிழரான ராமன் விஜயன். அண்மைக்கு வந்தால், 2022-23 பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருது சிவகங்கை மாவட்டத்து சிவசக்தி நாராயணனுக்குக் கிடைத்தது. அவர் கோல் போட்டது பெங்களூருக்காக. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023-இல் ஒடிசாவுடன் சூப்பர் கோப்பையை வென்று, அதே ஆண்டு ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் சட்டையணிந்து டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். கொல்கத்தா கொண்டாடியது. நாம் தொலைக்காட்சியில் பார்த்து, நம்ம ஊர்ப் பையன் என்று பெருமை கொண்டோம். பெருமை கொள்வதற்கு நமக்கு என்ன உரிமை இருந்தது என்பது வேறு கேள்வி.

இதைத் தமிழர்களுக்கே இடம் என்னும் குறுகிய குரலாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெஜேயைச் சென்னை ரசிகன் தன் பிள்ளையாகவே கொண்டாடினான். எலானோவையும் மென்டோசாவையும் இன்றும் நினைவுகூர்கிறான். ஆட்டக்காரனுக்கும் நல்ல ஊதியம் தரும் இடத்துக்குப் போகும் உரிமை உண்டு. கழகத் தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது: தோற்றால் அரங்கம் காலியாகும், அரங்கம் காலியானால் விளம்பரதாரர் விலகுவார், பிறகு பயிற்சிப் பள்ளிக்கே பணமிராது. ஆகவே முதலில் வெற்றி, பிறகு வளர்ப்பு என்பார்கள். மறுப்பதற்குக் கடினமான வாதம்தான். ஆயினும் கோயம்புத்தூரைப் பாருங்கள். 2018-19-இல் சென்னை சிட்டி அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர் பெத்ரோ மன்சியின் 21 கோல்களின் பலத்தில், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது. மன்சி 2020-இல் ஜப்பானுக்குப் போனார். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கழகமே ஐ-லீக்கில் இல்லாமற் போயிற்று. முதலில் வெற்றி வந்தது. பிறகு வளர்ப்பு வரவேயில்லை.

நான் இதை எழுதுவது நெல்லிக்குப்பத்திலிருந்து. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே, சர்க்கரை ஆலையால் அறியப்படும் ஊர். இந்தச் சிறிய வட்டாரத்திலிருந்துதான் இந்திய மகளிர் அணிக்கு இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் சென்றார்கள். ஒருவர் நடுக்களம், இன்னொருவர் முன்களம். பயிற்றுநர் மாரியப்பன் போன்றவர்கள் பெரிய கழகங்களின் கண்ணுக்குப் படாத காலத்தில் இங்கே பெண்களுக்குப் பந்தாட்டம் கற்பித்தார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதமி 2017-18-இல் மகளிர் லீக்கில் ஆடியது. அந்த 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு மகளிர், இந்த ஆட்டத்தின் அரசியான மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றனர். 2023-இல் அரியானாவை வென்று மீண்டும் ஒருமுறை. மகளிர் லீக்கில் 2018-19 பட்டத்தை வென்ற மதுரையின் சேது அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் இருந்தார் என்பதை மறைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவரை அழைப்பதில் பிழையில்லை; அவரைச் சுற்றி உள்ளூரில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களா என்பதே வேறுபாடு.

பக்கத்து நெய்வேலியின் கதை நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சாதாரணமாக எண்ணாமல் அவர் அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுபோனார். 1956-இல்தான் நிறுவனம் உருவாயிற்று. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றவும், கீழிருந்து அழுத்தும் நீரை இறைக்கவும் செலவழித்த பிறகே முதல் பழுப்பு நிலக்கரி கைக்கு வந்தது. வெளியூரிலிருந்து கரி வாங்கியிருந்தால் உடனே அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் மண்ணுக்குக் கீழே இருந்தது கீழேயே இருந்திருக்கும்.

2025-26 பருவம் இந்தப் பாடத்தைக் கடுமையாகவே கற்பித்தது. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில் 2025 ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் விலகினர். 2026 பிப்ரவரியில்தான், ஒவ்வோர் அணியும் மற்ற அணியோடு ஒருமுறை மட்டுமே மோதும் குறுகிய வடிவில் ஆட்டம் தொடங்கிற்று. இத்தகைய நெருக்கடியில் ஓர் அணியோடு எஞ்சி நிற்பவர்கள் வேறு எங்கும் போகாத, போக வேண்டிய அவசியமில்லாத உள்ளூர் ஆட்டக்காரர்களே. அவர்களை முன்கூட்டி வளர்த்து வைத்திருந்த கழகத்துக்கு அது சிரமம். வளர்க்காத கழகத்துக்கு அது பேரிடர்.

ஆகவே அடுத்த பட்டியல் வரும்போது நண்பர்கள் மூன்று கேள்விகளோடு அதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது: நடு முன்களத்தில் வெளிநாட்டவருக்கு அடுத்தபடியாக ஆடப்போகிறவர் யார், அவருக்குப் பருவம் முழுவதிலும் எத்தனை நிமிடங்கள் கிடைக்கும்? முன்னேறிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். இரண்டாவது: அதிக கோல் போட்டவரை நீக்கிவிட்டுப் பார்த்தால் அணியில் எத்தனை கோல்கள் மிஞ்சும்? 2017-18-இல் நிறைய மிஞ்சியது, கோப்பை வந்தது. மூன்றாவது: பட்டியலில் இருக்கும் உள்ளூர்ப் பையன் சென்ற ஆண்டும் அதே இடத்தில் ஆடினானா, அல்லது இறக்கைக்கும் பின்வரிசைக்குமாக மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறானா?

மூன்றுக்கும் நிறைவான விடை இல்லாத பட்டியலில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அது ஓராண்டுக் கணக்குதான். விடை இருக்குமானால் அணி எட்டாவது இடத்தில் முடித்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். தோல்வியைப் பொறுப்பது ரசிகனுக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.